சூதாட்ட நகரம் – 17: ஸ்டூபக்கின் கோபுரம்

1995 நவம்பர் 7. பொழுது இன்னும் விடியவில்லை. லாஸ் வேகாஸில் லேண்ட்மார்க் ஹோட்டலைச் சுற்றி வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியிருந்தது. வெடி வெடித்தது. 31 மாடிகள், 297 அடி உயரம். அத்தனையும் சில நொடிகளில் மடிந்து விழுந்து தூசியாகிப் போயின. இயக்குநர் டிம் பர்ட்டனின் படத்துக்காக அந்தக் காட்சி படமாக்கப்பட்டது. மறு ஆண்டு வெளியான ‘மார்ஸ் அட்டாக்ஸ்’ படத்தில் செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் தகர்க்கும் ஹோட்டல் இதுதான்.

அதே காலையில், வடக்கே இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், இன்னொரு கோபுரம் முடியும் தறுவாயில் இருந்தது. விழுந்ததைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு உயரம். ஒரு கோபுரக் கேசினோ மண்ணோடு மண்ணாகும் நேரத்தில், அதைவிடப் பெரிய கோபுரக் கேசினோ ஒன்றை நம்பிப் பல கோடி டாலர்கள் கொட்டப்பட்டுக்கொண்டிருந்தன.

சென்ற அத்தியாயத்தில் ஸ்டீவ் வின் 1989-ல் மிராஜைத் திறந்து, ஹோட்டல் வாசலில் எரிமலையைப் பொங்கவிட்டு, இந்த நகரத்தின் போக்கையே மாற்றியதைப் பார்த்தோம். அதன்பின் ஆளாளுக்கு ஒரு அதிசயத்தைத் தேடினார்கள். எக்ஸ்காலிபர் கோட்டை கட்டியது. லக்ஸர் பிரமிடு கட்டியது. பாப் ஸ்டூபக் என்ற மனிதர் வானத்தைப் பார்த்தார்.

முதல் கோபுரம் சொன்ன பாடம்

லேண்ட்மார்க்கின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்டூபக்கின் கதைக்குள் போக முடியாது.

1961-ல் ஃப்ராங்க் கரோல் என்ற கட்டுமான முதலாளி அதைத் தொடங்கினார். சியாட்டில் நகரில் அப்போது எழுந்துகொண்டிருந்த ஸ்பேஸ் நீடிலின் சாயல். மெலிந்த தண்டு, அதன்மேல் அகன்ற தலை. அடுத்த ஆண்டு முடிவதற்குள் கையிலிருந்த காசு தீர்ந்தது. கட்டடம் பாதியில் வருடக்கணக்கில் நின்றது. பிறகு லாரித் தொழிலாளர் சங்கத்தின் ஓய்வூதிய நிதியிலிருந்து கடன் வந்தது. அதுவும் போதவில்லை. கடைசியில் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹ்யூஸ் ஏறத்தாழ 1.73 கோடி டாலருக்கு வாங்கி, 1969 ஜூலை 1 அன்று திறந்தார்.

மறுநாளே கிர்க் கெர்கோரியன் தன் இன்டர்நேஷனல் ஹோட்டலைத் திறந்தார். 1,500-க்கும் மேற்பட்ட அறைகள், பரந்த கேசினோ. லேண்ட்மார்க்கில் சுமார் 500 அறைகள்தான். கேசினோ சிறியது. ஊரே அண்ணாந்து பார்த்த கட்டடத்துக்குள் உட்கார்ந்து ஆட ஆள் போதவில்லை. கைமாறிக் கைமாறி, 1990-ல் கதவை மூடியது. மாநாட்டு மையத்தை நடத்தும் அரசு அமைப்பு அதை வாங்கியது, கார் நிறுத்துமிடத்துக்காக.

கோபுரம் தூரத்தில் இருப்பவனைக் கூப்பிடும். கேசினோவுக்கு வருமானம் தருவதோ, தரைத்தளத்து மேசையில் மணிக்கணக்கில் உட்காருபவன். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை எப்படிக் கடப்பது என்பதுதான் கேள்வி. லேண்ட்மார்க் 21 ஆண்டுகள் முயன்றும் அதற்கு விடை காணவில்லை.

பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்தவர்

பாப் ஸ்டூபக் 1942-ல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பா செஸ்டர், அந்த நகரின் தெற்குப் பகுதியில் பல வருடம் சட்டத்துக்குப் புறம்பான சூதாட்டக் களம் நடத்தியவர். பையன் பகடைச் சத்தத்தில் வளர்ந்தான். வாலிபத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டினான். ‘பாபி ஸ்டார்’ என்ற பெயரில் பாட்டுப் பாடி இசைத்தட்டு வெளியிட்டான். பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய், கடைகளில் ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம் என்கிற கூப்பன் புத்தகங்களை விற்றுப் பணம் பார்த்தான்.

இந்தக் கூப்பன் வியாபாரம்தான் அவருடைய பள்ளிக்கூடம். ‘இலவசம்’ என்று காதில் விழுந்தால் மனிதன் எவ்வளவு தூரம் நடந்து வருவான் என்பதை அங்கேதான் கற்றார்.

லாஸ் வேகாஸுக்கு வந்து 1974 மார்ச் 31-ல் ஒரு சின்ன கேசினோவைத் திறந்தார். ‘உலகப் புகழ்பெற்ற பத்து லட்சம் டாலர் சூதாட்ட அருங்காட்சியகம்’ என்ற பொருள்படும் நீளமான பெயர். இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. மே மாதம் தீக்கிரையானது. வங்கிக் கடன் பெற்று அதே இடத்தில் மறுபடி கட்டினார். 1979 ஜூலை 13, வெள்ளிக்கிழமை, ‘வேகாஸ் வேர்ல்ட்’ திறந்தது. பதின்மூன்றாம் தேதி வெள்ளியன்று அமெரிக்காவில் பலர் புதிதாக எதையும் தொடங்கத் தயங்குவார்கள். ஸ்டூபக் தொடங்கினார்.

உள்ளே எல்லாம் விண்வெளி மயம். கூரையிலிருந்து விண்வெளி வீரர் பொம்மை தொங்கியது. பத்து லட்சம் டாலர் ரொக்கம் காட்சிக்கு வைக்கப்பட்டது. ‘வானமே எல்லை’ என்பதுதான் ஹோட்டலின் முழக்கம்.

எல்லாச் சீட்டையும் காட்டும் மேசை

ஸ்டூபக்கின் மூளை எப்படி வேலை செய்தது என்பதை அவருடைய இரண்டு மேசைகளைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

பிளாக்ஜாக் ஆட்டத்தில் டீலருக்கு விழும் இரண்டு சீட்டில் ஒன்று கவிழ்ந்தே கிடக்கும். அது என்னவென்று தெரியாமல்தான் ஆடுபவன் தன் அடுத்த சீட்டைக் கேட்க வேண்டும். வேகாஸ் வேர்ல்டில் அறிமுகமான ஆட்டத்தில் இரண்டு சீட்டும் மல்லாந்து கிடந்தன. எதிராளியின் கை முழுக்கத் தெரிகிறது! சுற்றுலாப் பயணி சந்தோஷமாக உட்கார்ந்தான். விதியில் இரண்டு சின்ன மாற்றங்கள் இருந்தன. இருவருக்கும் சமமான எண்ணிக்கை வந்தால் பந்தயப் பணம் கேசினோவுக்கு. ஏஸும் பத்தும் சேர்ந்து பிளாக்ஜாக் விழுந்தால், வழக்கமான ஒன்றரை மடங்குக்குப் பதில் ஒரு மடங்கு மட்டும். சீட்டைக் காட்டியதற்கான விலையை கேசினோ இந்த இரண்டு விதிகளில் திரும்ப எடுத்துக்கொண்டது.

இரண்டாவது, பகடை. கிராப்ஸ் ஆட்டத்தின் முதல் வீச்சில் 2, 3, 12 விழுந்தால் பணம் போச்சு. ஸ்டூபக் அந்தத் தோல்வியை எடுத்துவிட்டார். அந்த எண்கள் விழுந்தாலும் ஆட்டம் தொடரும். கேட்பதற்குத் தருமம்போல் இருக்கும். ஆனால் முதல் வீச்சில் 11 விழுந்தால் கிடைக்கும் உடனடி வெற்றியும் சேர்ந்து போய்விட்டது. 2, 12 போன்ற எண்களை மறுபடி விழவைப்பதும் குதிரைக்கொம்பு. கணக்குப் போட்டால், வழக்கமான ஆட்டத்தில் 1.41 சதவீதமாக இருக்கும் கேசினோவின் சாதகம், இதில் 5.38 சதவீதம்.

தபாலில் விற்ற சுற்றுலாத் திட்டமும் இதே வகை. தம்பதிக்கு 396 டாலர்; இரண்டு இரவு தங்கலாம்; கட்டிய பணத்துக்கும் மேலாகச் சூதாடச் சில்லு கிடைக்கும். ஏறக்குறைய இலவசம் என்பது விளம்பரம். அந்தச் சில்லுகளைக் காசாக மாற்ற முடியாது, ஆடித்தான் தீர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்த விளம்பரங்களுக்காக நெவாடா அதிகாரிகள் அவருக்கு அபராதமும் விதித்தார்கள். இதில் ஏமாந்தவர்கள் பெரும்பாலும் சிறு ஊர்களிலிருந்து, வாழ்க்கையில் ஒருமுறை லாஸ் வேகாஸ் பார்க்க வேண்டும் என்று காசு சேர்த்து வந்தவர்கள். அவர்களை மறந்துவிட்டு ஸ்டூபக்கை வெறும் கனவுக்காரராகக் கொண்டாடுவது நியாயமல்ல.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மோசமான இடத்தில் இருந்த ஒரு கேசினோவுக்குள் ஆளை வரவழைத்து, உட்காரவும் வைத்தவர் அவர்.

விளம்பரப் பலகை கோபுரமான கதை

இடம் உண்மையிலேயே மோசம்தான். லாஸ் வேகாஸின் பெயர்பெற்ற ‘ஸ்ட்ரிப்’ சஹாரா அவென்யூவோடு முடிகிறது. பழைய சூதாட்ட வீதியான ஃப்ரிமான்ட் இன்னும் வடக்கே இருக்கிறது. வேகாஸ் வேர்ல்ட் இரண்டுக்கும் நடுவில், இரண்டிலும் சேராமல் நின்றது. பக்கத்துக் குடியிருப்புக்கு ஊரார் வைத்த பெயர் ‘நேக்கட் சிட்டி’. ஒரு காலத்தில் நடன மங்கையர் வாடகைக்கு இருந்த சின்னச் சின்ன அடுக்கு வீடுகள், பின்னாளில் வறுமைக்கும் குற்றத்துக்கும் பேர்போன பகுதியாக மாறியிருந்தன.

ஸ்ட்ரிப்பில் நிற்பவன் கண்ணில் தன் கேசினோ பட வேண்டும். இதற்காக 1989-ல் ஸ்டூபக் அறிவித்தது 1,012 அடி உயரத்தில் ஒரு நியான் விளம்பரப் பலகை. அவ்வளவு உயரம் கட்டுவதென்றால் மேலே ஆளை ஏற்றினால் என்ன என்ற யோசனை வந்தது. ஏற்றினால் சாப்பாட்டுக் கூடம் வேண்டும். பலகை கோபுரமாயிற்று. ஆசை வளர்ந்தது. கனடாவின் டொரான்டோவில் இருக்கும் சி.என். கோபுரம் 1,815 அடி. அதைவிடப் பத்தடி கூட்டி 1,825 அடி என்றார். விமான நிலையம் அருகில் இருப்பதால் விமானப் போக்குவரத்துத் துறை ஆட்சேபம் தெரிவித்தது. கடைசியில் 1,149 அடியில் நின்றது. அதாவது 350 மீட்டர். அமெரிக்காவில் தனித்து நிற்கும் பார்வைக் கோபுரங்களில் இன்றுவரை இதுவே உயரமானது.

மூன்று கான்கிரீட் கால்கள் விரிந்து நின்று நடுத்தண்டைத் தாங்குகின்றன. கால்களில் ஒன்று லேசாக வளைந்திருக்கிறது, கோபுரம் சாய்கிறது என்று ஊரில் வதந்தி கிளம்பியது. கட்டடத்தின் பலத்துக்கு எந்தக் குறையும் இல்லை என்று பொறியாளர்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 1993 ஆகஸ்ட் 29 அன்று, பாதி எழுந்திருந்த கோபுரத்தின் உச்சியில் தீப்பிடித்தது. ஊரே பார்க்க எரிந்தது. வேலை தடைப்பட்டது.

ஸ்டூபக்கின் சொந்தப் பணத்தால் இதை முடிக்க முடியாது என்பது அப்போது தெளிவாகிவிட்டது. கைகொடுக்க வந்தவர் லைல் பெர்மன். இருவரும் போக்கர் மேசைகளில் பழகியவர்கள். பெர்மனின் கிராண்ட் கேசினோஸ் நிறுவனம் மின்னசோட்டாவில் பழங்குடி மக்களின் நிலத்திலிருந்த கேசினோக்களை நடத்திக் குறுகிய காலத்தில் வளர்ந்திருந்தது. கோபுரத்தைக் கட்டி முடிக்க ஸ்ட்ராட்டோஸ்பியர் கார்ப்பரேஷன் உருவானது. பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. அதற்கு மேல் 20.3 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்கள்.

அந்தப் பத்திரங்களின் வட்டி 14.25 சதவீதம். வருடத்துக்கு ஏறக்குறைய 2.9 கோடி டாலர். நாளொன்றுக்குச் சுமார் 79,000 டாலர், வட்டிக்கு மட்டும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1995 பிப்ரவரி 1 அன்று வேகாஸ் வேர்ல்ட் மூடப்பட்டது. இரண்டு மாதத்தில், மகனை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போன ஸ்டூபக் ஒரு காரில் மோதினார். முகத்தின் எலும்புகள் நொறுங்கின. வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தார். பிழைக்க மாட்டார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். பிழைத்தார்.

பார்க்க வந்தார்கள், ஆடவில்லை

1996 ஏப்ரல் 30. ஸ்ட்ராட்டோஸ்பியர் திறந்தது. மொத்தச் செலவு 55 கோடி டாலர்.

கோபுரத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. இரண்டடுக்கு லிஃப்ட் ஒரு நிமிடத்துக்குள் மேலே கொண்டுபோய்விடும். இறங்கும் இடத்துக்கு 108-வது தளம் என்று பெயர். நடுவில் தளங்கள் கிடையாது, வெறும் தண்டுதான். 800 அடிக்கு மேலே சுழலும் உணவகம். ஒரு முழுச் சுற்றுக்கு 80 நிமிடம். தெற்கே ஸ்ட்ரிப்பின் விளக்குகள், மேற்கே மலைகள், நகரத்துக்கு அப்பால் பாலைவனத்தின் இருட்டு. சாப்பிட்டு முடிப்பதற்குள் எல்லாமே கண்ணுக்கு முன்னால் வந்துபோகும். இன்னும் மேலே, 900 அடி உயரத்தில் கோபுரத்தின் தலையைச் சுற்றி ஓடிய ரோலர் கோஸ்டர்; அது 2005-ல் மூடப்பட்டது.

அதற்கும் மேலே ‘பிக் ஷாட்’. கோபுர உச்சியின் கம்பத்தைச் சுற்றி இருக்கைகள். உட்கார்ந்து பட்டையைப் பூட்டியதும் காலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. அழுத்தப்பட்ட காற்று திறந்துவிடப்பட, மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் 160 அடி உயரம் தூக்கி எறியும். உடல் எடை நான்கு மடங்கானதுபோல் இருக்கையில் அழுந்தும். 1,081 அடியில் ஒரு கணம் எடையே இல்லாமல் மிதந்து, பிறகு விழும்.

மக்கள் திரண்டு வந்தார்கள். டிக்கெட் வாங்கினார்கள், ஏறினார்கள், பார்த்தார்கள், இறங்கினார்கள், தெற்கே போகும் டாக்சியைப் பிடித்தார்கள். பெரிய கேசினோக்கள் இருக்கும் ஸ்ட்ரிப்பின் நடுப்பகுதி மூன்று கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தது. ஸ்ட்ராட்டோஸ்பியரைத் தாண்டி இன்னொரு இடத்துக்கு நடந்து போகிறவன் என்று எவனும் இல்லை. தற்செயலாக உள்ளே நுழைகிறவனும் இல்லை. திட்டமிட்ட 2,500 அறைகளில் சுமார் 1,500 மட்டுமே தயார். இரண்டாவது கட்டடம் பணமில்லாமல் பாதியில் நின்றது. 396 டாலர் தம்பதியைக் கட்டாயம் இரண்டு இரவு தங்கவைத்து, சில்லைக் கையில் கொடுத்து மேசைக்கு அனுப்பிய பழைய வித்தை புதிய கோபுரத்தில் இல்லை. கோபுர டிக்கெட் வாங்கியவனுக்குக் கேசினோவில் வேலையே இருக்கவில்லை.

79,000 டாலர் வட்டி மட்டும் தினமும் ஏறியது.

திறந்த மூன்றாவது மாதமே ஸ்டூபக் தலைவர் பதவியிலிருந்து விலகினார். பங்கு விலை சரிந்தது. கிராண்ட் கேசினோஸ் மேற்கொண்டு பணம் போட மறுத்தது. 1997 ஜனவரியில், திறந்து ஒன்பது மாதம்கூட முழுதாக முடியாத நிலையில், நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

வட்டிக்காரனின் வெற்றி

இங்கேதான் கார்ல் ஐக்கான் வருகிறார். நியூயார்க்கின் முதலீட்டாளர். நொடித்துப்போன நிறுவனங்களை மலிவாகப் பிடிப்பதில் கைதேர்ந்தவர். அவர் பங்குகளைத் தொடவில்லை. கடன் பத்திரங்களை வாங்கினார். முழுப் பணமும் திரும்பாது என்று பயந்தவர்கள் தள்ளுபடி விலைக்கு விற்றார்கள். திவாலான நிறுவனத்தில் கடன் கொடுத்தவனுக்கே முதல் உரிமை. 1998 அக்டோபரில் மறுசீரமைப்பு முடிந்தபோது பழைய பங்குகள் ரத்தாயின. புதிய நிறுவனத்தில் கிட்டத்தட்ட 90 சதவீதம் ஐக்கான் தரப்பின் கையில் இருந்தது. ஸ்டூபக்கின் பங்கும் போயிற்று; கோபுரத்தை நம்பிச் சேமிப்பைப் போட்ட சிறு முதலீட்டாளர்களின் பங்கும் போயிற்று.

வட்டிச் சுமை இறங்கியதும் அதே கோபுரம், அதே இடத்தில் லாபம் பார்க்கத் தொடங்கியது. ஐக்கான் ஆடம்பரத்துக்கு ஆசைப்படவில்லை. செலவை யோசித்து வருபவர்களுக்குக் குறைந்த வாடகை என்பதே கொள்கை. பாதியில் நின்ற கட்டடத்தை முடித்து 2001-ல் 1,000 அறைகள் சேர்த்தார். தங்குபவன் கூடினான்; தங்குபவன் இரவில் ஆடினான். லேண்ட்மார்க் காணாத விடை இவ்வளவு எளிமையானது. 2008-ல் ஸ்ட்ராட்டோஸ்பியரையும் இன்னும் மூன்று கேசினோக்களையும் சேர்த்து, கோல்ட்மேன் சாக்ஸ் சார்ந்த நிதியத்துக்குச் சுமார் 120 கோடி டாலருக்கு விற்றார். 2017-ல் கோல்டன் என்டர்டெயின்மென்ட் அதே நான்கையும் 85 கோடிக்கு வாங்கியது. இப்போது ஹோட்டலின் பெயர் ‘தி ஸ்ட்ராட்’.

ஐக்கான் இதே ஆட்டத்தை மறுபடியும் ஆடினார். பக்கத்திலேயே, ஸ்ட்ரிப்பின் வடகோடியில், பாதியில் திவாலான ஃபான்டன்ப்ளூ கட்டடத்தை 2010-ல் ஏறத்தாழ 15 கோடி டாலருக்கு வாங்கி, அதற்குள் எந்த ஹோட்டலையும் நடத்தாமலே, 2017-ல் 60 கோடிக்கு விற்றார்.

ஸ்டூபக் ஓயவில்லை. டைட்டானிக் கப்பல் வடிவில் ஒரு கேசினோ கட்ட அனுமதி கேட்டார். நகர மன்றம் மறுத்தது. 2009 செப்டம்பரில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். வயது 67.

ஸ்ட்ராட்டோஸ்பியர் உயரத்தால் வீழ்ந்தது என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. கோபுரம் தனக்குச் சொன்ன வேலையை முதல் நாளிலிருந்து செய்தது. பாலைவனம் முழுவதிலிருந்தும் ஆளைக் கூப்பிட்டது. வந்தவன் தங்க அறை இல்லாமலும், ஆடக் காரணம் இல்லாமலும் விட்டது நிர்வாகம். 14.25 சதவீத வட்டியில் கட்டிய எதுவும் பொறுமையாகக் காத்திருக்க முடியாது என்பதை மறந்தது பெர்மனும் ஸ்டூபக்கும். இந்த நகரத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருபவனுக்குச் சாதகம் இல்லை என்பதை இத்தனை அத்தியாயங்களாகப் பார்த்துவருகிறோம். ஸ்டூபக் வாழ்நாள் முழுவதும் அந்தப் பக்கம் உட்கார்ந்தவர். கோபுரம் கட்டக் கடன் வாங்கியபோது இந்தப் பக்கம் வந்தார். கடன் பத்திரத்தைக் கையில் வைத்திருந்தவன் கேசினோவின் இடத்தில் இருந்தான். ஜெயித்ததும் அவன்தான்.

(தொடரும்)